பாத்துக்கலாம்

ஒன்பது வருஷம் கழித்து ஐந்து நாள் லீவு கேட்டவருக்கு மேனேஜர் கொடுத்த வரம் இது: "தாராளமா போயிட்டு வாங்க. ஆனா தொடர்புலயே இருங்க." மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டுக் கயிற்று நுனியைக் கையில் வைத்துக்கொள்கிற மாதிரி.

லிஃப்ட் மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு வந்தார். போகிற இடம் கடல். கரையை விட்டுப் பதினாறு மணி நேரம் ஓடி, பாறைத் திட்டுகளுக்கு நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும் படகு. அங்கே டவர் ஏது, சிக்னல் ஏது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் ஏறினார். ஏறிப் பார்த்தால், மேல்தளத்துக் கூரையில் வெள்ளையாக ஒரு தட்டு வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. செயற்கைக்கோளிலிருந்து இன்டர்நெட்டாம். சாப்பாட்டு அறைச் சுவரில், 'நடுக்கடலிலும் உங்கள் அலுவலகம் உங்களோடு' என்று பெருமையாக எழுதி வேறு ஒட்டியிருந்தார்கள். ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம். துரத்துகிறவனுக்கு இப்போது ஆகாயத்தில் வண்டியும் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் படகில் அவர் விருந்தாளி இல்லை. மகள் அதில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரை மாட்டி, கடலுக்கடியில் கூட்டிப்போய் மீனையும் பவளத்தையும் காட்டி, உயிரோடு மேலே கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. கூட்டம் குறைந்த மாதங்களில் ஊழியர் வீட்டார் இரண்டு பேர் வரலாம் என்று படகு முதலாளி சொல்லியிருந்தார். அதனால் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். மற்ற பத்துப் பேரும் நிஜ விருந்தாளிகள். அதில் ஒருவர் இரண்டு நாளாகக் காதில் கருவி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்ததால், மெக்கானிக்கின் மனைவி அவருக்கு 'மீட்டிங்' என்று பேர் வைத்துவிட்டாள்.

மெக்கானிக் வேலை பார்ப்பது டைல்ஸ் குடோனில். நான்கு மாடி, ஒரே ஒரு சரக்கு லிஃப்ட். கிளம்புவதற்கு முந்தின நாள் அதன் பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தார். தேய்ந்து தகடாகிவிட்டிருந்தது. புதுக் கட்டை வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். பழையதையே திரும்ப மாட்டி, மெயின் சுவிட்சை இறக்கி, கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டுவிட்டு வந்தார். லிஃப்ட் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு சட்டம்: பூட்டியவன்தான் திறக்க வேண்டும், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

பூட்டிய நாளிலிருந்து லோடு ஆட்கள் பெட்டி பெட்டியாக டைல்ஸைத் தோளில் வைத்து மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். பெட்டி ஒன்று முப்பது கிலோ. அவர்களுக்கு மேஸ்திரி மெக்கானிக்கின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அவன் திட்டிய திட்டு மெக்கானிக்குக்கு உறைக்காமல் இல்லை. அவரும் அந்தப் படியில் பெட்டி தூக்கிய ஆள்தான். அப்புறம்தான் லிஃப்ட் வேலை கற்றுக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றே முக்காலுக்கு மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது, குடோன் குரூப்பில், எல்லோரும் பார்க்கிற மாதிரி. "சரக்கு தேங்குகிறது. பாதி லோடு மட்டும் வைத்து லிஃப்டை ஓட்டிக்கொள்ளலாமா? உங்கள் பூட்டை வெட்டிக்கொள்கிறோம்."

மெக்கானிக் அப்போது ஒரு காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர்ச் செருப்பு மாட்டி, இன்னொரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மகள் தண்ணீரில் மிதந்தபடி, "அப்பா, வர்றியா இல்லையா? மீனெல்லாம் கடையை மூடிட்டுப் போயிடும்" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவர் ஈரக் கட்டைவிரலால் எழுதினார்: "பாத்துக்கலாம் சார்."

முடியாது என்று மேலே இருப்பவனிடம் சொல்லும் நாக்கு அவர் வம்சத்தில் யாருக்கும் முளைத்ததில்லை. அப்பா லாரியில் மூட்டை ஏற்றியவர். அவர் கற்றுக்கொடுத்தது மூன்று பதில்: சரிங்க, ஆகட்டுங்க, பாத்துக்கலாங்க. முதல் இரண்டும் செய்கிறேன் என்று அர்த்தம். மூன்றாவதுக்கு, செய்ய மாட்டேன், ஆனால் உங்களிடம் சண்டைக்கும் வர மாட்டேன் என்று அர்த்தம். மெக்கானிக் ஒன்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தையை வைத்தே அந்த லிஃப்டைக் காப்பாற்றி வந்தார். சரக்கோடு நாங்களும் ஏறிக்கட்டுமா என்று லோடு ஆட்கள் கேட்டால் பாத்துக்கலாம். சர்வீஸைத் தள்ளிப்போடலாமா என்று ஆபீஸ் கேட்டால் பாத்துக்கலாம். குடோனில் அவருக்குப் பேரே 'பாத்துக்கலாம் அண்ணன்'. அந்த வார்த்தைக்கு இல்லை என்று அர்த்தம் என்பது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

எழுதிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்தார். கடலில் குதித்தார்.

அந்த ஒன்றரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்து மிதந்தார். கீழே பச்சையாக ஒரு மீன் பவளப் பாறையைக் கடித்துக் கரகரவென்று மென்றது. டைல்ஸ் வெட்டுகிற சத்தம் அச்சு அசலாக. சிரித்து, உப்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்து, இருமினார். "வேலையை மறக்க வந்த இடத்துல மீன் ஞாபகப்படுத்துது பாரு" என்றார். மகள் முதுகில் தட்டினாள்.

படகில் ஏறியதும் மனைவி போனை நீட்டினாள். "டிங் டிங்னு ரெண்டு தடவை அடிச்சுச்சு. நான் திறக்கலை. அப்புறம் சிக்னலும் போயிடுச்சு."

குரூப்பில் இரண்டு செய்தி. முதலாவது: "ஒப்புதலுக்கு நன்றி. பதிவு செய்துகொண்டோம்." இரண்டாவது: "பூட்டு வெட்டப்பட்டது. ஒரு மணிக்கு லிஃப்ட் ஓடும்."

மணி ஒன்றே கால்.

மெக்கானிக் உடம்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். பிறகு, "ஒப்புதலா?" என்றார். பக்கத்தில் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "எந்தப் பயல்டா ஒப்புக்கிட்டது?"

அழைத்துப் பார்த்தார். போகவில்லை. கீழ்த்தளத்தில் கம்ப்ரஸர் தடதடத்துக்கொண்டிருந்தது. காலி சிலிண்டர்களில் காற்று அடைக்கும் நேரம். படகில் ஜெனரேட்டர் ஒன்றுதான். கம்ப்ரஸர் ஓடும்போது கூரைத் தட்டை அணைத்துவிடுவார்கள். அவர் ஏணிப்படியில் இரண்டிரண்டாகத் தாவிக் கேப்டன் அறைக்குப் போனார். பின்னாலேயே மனைவி, அவளுக்குப் பின்னால் மகள்.

"இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகுங்க ஐயா" என்றார் கேப்டன், வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மூணு மணிக்கு அடுத்த டைவ். அதுக்குள்ள இருபத்தஞ்சு சிலிண்டர் அடைக்கணும்."

"அவசரம்ங்க. அங்க ஆளுங்க உசுரு போயிடும்."

"படகுல யாருக்காச்சும் ஏதாச்சும்னா அது அவசரம். கரையில நடக்கறதுக்கெல்லாம் நான் கம்ப்ரஸரை நிறுத்தினா, இந்தப் பத்துப் பேருக்கு யாரு பதில் சொல்றது?"

"நேத்து அந்தச் சாரோட மீட்டிங்குக்கு நிறுத்தினீங்களே?"

"அவர் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாருங்க."

"சாவு முன்னாடியே சொல்லி வச்சுட்டு வராதுங்க!"

மெக்கானிக்கின் குரல் அந்த உயரத்துக்குப் போய் மகள் கேட்டதில்லை. வெளியே சாய்வு நாற்காலியிலிருந்து மீட்டிங் தலையைத் தூக்கினார்.

"தப்பா நினைக்காதீங்க சார்" என்றார், ரொம்ப அன்பாக. "லீவுல வேலையைத் தூக்கிக் கடல்ல போட்டுடணும். இல்லைன்னா மனசு கெட்டுப்போயிடும். இப்ப நிறுத்தினா மூணு மணி டைவும் போயிடும் பாருங்க."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "நேத்து நீங்க மூணு மணி நேரம் பேசினீங்களே, அது கடல்ல போட்டதா, கரையில போட்டதா? அங்க லிஃப்ட் கூண்டுக்குள்ள இருக்கப்போறது என் கூடப்பொறந்தவன். உங்களுக்கு மீன் நாளைக்கும் இருக்கும்."

மீட்டிங் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டார்.

கேப்டன் வாயைத் திறப்பதற்குள் தடதடப்பு நின்றுவிட்டது. படகு மொத்தமும் திடீரென்று அமைதியானது. கீழே போயிருந்த மகள் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"யாரைக் கேட்டும்மா நிறுத்தினே?"

"யாரையும் கேக்கலை. நான்தான் நிறுத்தினேன். தட்டைப் போடுங்க கேப்டன்."

"கரைக்குப் போனதும் முதலாளிகிட்ட நீயே நின்னு பதில் சொல்லிக்கோ."

"சொல்லிக்கறேன்."

கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். தட்டு வானத்தில் தன் கோளைத் தேடிப் பிடிக்க நான்கு நிமிஷம் ஆனது. அந்த நான்கு நிமிஷமும் மெக்கானிக்கின் உதடு பாதி லோடு, பாதி லோடு என்று முணுமுணுத்தது. பாதி லோடாக இருந்தால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடைக்கல் ஓரளவு ஈடு கொடுக்கும். ஆனால் அந்தக் குடோனில் பாதி என்று சொன்னதை யார் பாதியாக ஏற்றியிருக்கிறார்கள்?

மச்சான் இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"என்ன மாமா! கடல்ல மீனுக்கெல்லாம் லிஃப்ட் மாட்டிக் குடுத்துட்டியா?"

"எங்கடா இருக்க?"

"கூண்டுக்குள்ளதான். நானும் ஒட்டகமும்." ஒட்டகம் என்பது லோடு ஆட்களிலேயே உயரமானவன்.

"யாருடா உன்னை ஏறச் சொன்னது?"

"நல்லா இருக்கே! நீ எழுதினதை மேனேஜர் பெருசா பிரிண்ட் போட்டு லிஃப்ட் கதவுல ஒட்டி வச்சிருக்கார். கீழே உன் பேரு. உன் பாத்துக்கலாம் எனக்குத் தெரியாதா மாமா? அது வேணாம்னு அர்த்தம் சார்னு அவர்கிட்டயே சொன்னேன். எனக்கும் தமிழ் தெரியும், போய் ஏறுன்னார். மூணு நாளா படி ஏறி முட்டி கழண்டுபோச்சு மாமா. நீ நிஜமாவே சரின்னுதான் சொல்லியிருப்பேன்னு நம்பிக்கணும்போல இருந்துச்சு."

மெக்கானிக் கண்ணை மூடித் திறந்தார். "கூண்டு ஓடுதா, நிக்குதா?"

"அதான் உனக்கே போன் போட்டுட்டு இருந்தேன். மூணாவது மாடில நிறுத்தினோம். நிக்காம வழுக்கி, இடுப்பளவு கீழே இறங்கி நிக்குது. மேலே இடைவெளி இருக்கு. ஒட்டகம் தாவி ஏறிடறேங்கறான்."

"ஏறக்கூடாது! அவன் காலைப் பிடிச்சு இழு! அவன் பாதி வெளியில இருக்கும்போது கூண்டு இன்னும் ஒரு முழம் இறங்கிச்சுன்னா, கூண்டுக் கூரை வந்து நறுக்கிடும். எவ்வளவு லோடு?"

"அறுபது பெட்டி. முழு லோடு."

"பாதின்னாங்களே!"

"பாதின்னு பேப்பர்லதான் மாமா இருக்கு."

மனைவி தன் போனிலிருந்து தம்பியை அழைத்து அந்தப் பேச்சைத் தான் வாங்கிக்கொண்டாள். "ஆடாம நில்லுடா. மூச்சுகூட மெதுவா விடு. அந்த ஒட்டகத்தை உக்காரச் சொல்லு" என்று ஆரம்பித்தாள். மெக்கானிக் மேனேஜரை அழைத்தார்.

"நல்லவேளை கூப்பிட்டீங்க" என்றார் மேனேஜர். "என்னங்க இப்படி ஒப்புதல் குடுத்துட்டு..."

"சார், இப்ப எங்க நிக்கறீங்க?"

"மூணாவது மாடி. லிஃப்ட் கம்பெனிக்குச் சொல்லியாச்சு, ஒரு மணி நேரத்துல வருவாங்க."

"ஒரு மணி நேரம் அந்தக் கட்டை தாங்காது. மாடிக்கு மேல மோட்டார் ரூமுக்குப் போங்க."

"நானா? ஆள் யாரையாவது அனுப்பறேன்."

"ஆள் ரெண்டு பேரு கூண்டுக்குள்ள. மத்தவங்க கீழ லாரிகிட்ட. அவங்க நாலு மாடி ஏறி வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. பூட்டை வெட்டத் தெரிஞ்ச கைக்கு இதுவும் தெரியும். ஏறுங்க சார்!"

மேனேஜர் ஏறினார். மூச்சு வாங்குவது கேட்டது. இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

"முதல்ல மெயின் சுவிட்சை இறக்குங்க."

"இறக்கிட்டேன். இங்கெல்லாம் ஒரே எண்ணெயா இருக்குங்க."

"எண்ணெய்தான் சார் இருக்கும், பன்னீரா இருக்கும்? சுவத்துல பெரிய சங்கிலி தொங்குதா? எடுங்க. கம்பிக்கயிறு சுத்தியிருக்கற பெரிய சக்கரம் தெரியுதா? அதுல ஓட்டை ஓட்டையா இருக்கும். சங்கிலியை அதுக்குள்ள விட்டு, கீழ இருக்கற இரும்புச் சட்டத்துல ரெண்டு சுத்து சுத்துங்க. கையைக் கயித்துப் பக்கம் கொண்டுபோகாதீங்க. பிரேக்கைத் தொடவே தொடாதீங்க."

"கனமா இருக்குங்க..."

"ஒரு டைல்ஸ் பெட்டி கனம்கூட இருக்காது சார். சுத்துங்க."

சங்கிலி உரசும் சத்தம். மேனேஜர் முனகினார், ஒரு தடவை நழுவவிட்டார், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். "ஒரு சுத்து ஆச்சு" என்றார். "ரெண்டு" என்றார். "கொக்கி எட்டலை."

"முட்டி போட்டு இழுங்க."

"பேன்ட் போயிடும்ங்க."

"போகட்டும் சார்!"

அப்போது மனைவியின் போனிலிருந்து இரும்பு நெரியும் ஓசை கேட்டது. "அக்கா, இறங்குதுக்கா" என்றான் தம்பி. அவள் மெக்கானிக்கின் தோளைப் பற்றினாள். இந்தப் போனில் கொக்கி 'டக்' என்று மாட்டியது. சங்கிலி விண்ணென்று இழுபட்டது. பிறகு எந்தப் போனிலும் சத்தமில்லை.

"நின்னுடுச்சு" என்றான் தம்பி. "ஒரு சாண் இறங்கி நின்னுடுச்சு."

"சங்கிலி எப்படி இருக்கு சார்?"

"கல்லு மாதிரி."

"ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஏறச் சொல்லு" என்றார் மெக்கானிக் மனைவியிடம். "முதல்ல ஒட்டகம். நீளமா இருக்கான், மெதுவா போனா மாட்டிக்குவான். சட்டுனு போகச் சொல்லு."

இரண்டு பேரும் வெளியே வந்து மூன்றாம் மாடித் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்கள். மச்சான் படுத்தபடியே சொன்னது இங்கே கேட்டது: "சொல்லிக் குடுத்தது பூரா மாமா. சட்டையில எண்ணெய் மட்டும் மேனேஜருக்கு."

மனைவி தளத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். கேப்டன் கைகட்டி நின்றார். மீட்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாரும் சேஃபா?" என்று கேட்டார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. குரூப்பில் மேனேஜர் எழுதினார்.

"லிஃப்டில் ஏற்பட்ட சிறு தடங்கல் குழு முயற்சியால் உடனே சரிசெய்யப்பட்டது. விடுமுறையிலும் தொடர்பில் இருந்து உதவிய நம் மெக்கானிக்குக்குப் பாராட்டுகள். தொடர்பில் இருப்பதன் அருமை இதுதான்!"

அதன் கீழே கைதட்டும் படம். ஆபீஸிலிருந்து வரிசையாக ஏழெட்டுக் கைதட்டல். மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தனியாக இன்னொன்று வந்தது: "நாளை கால் லோடு வைத்து ஓட்டலாமா?"

அவர் காது சிவந்தது. சிறு தடங்கலாம். இரண்டு பேரை நறுக்கப் பார்த்தது தடங்கலாம். மச்சான் செத்திருந்தால் கதவில் ஒட்டிய காகிதம் மட்டும் பிழைத்திருக்கும், அதில் அவர் பேரோடு. பிழைத்ததால் கைதட்டல். அறைந்த கையே கன்னத்தைத் தடவிக் கொடுக்கிறது.

அவர் குரூப்பில், எல்லோரும் பார்க்கிற மாதிரி, எழுதினார்: "முடியாது. கால் லோடும் முடியாது. காலி லிஃப்டும் முடியாது. பூட்டை வெட்டினது தப்பு. ஆளை ஏற்றினது தப்பு." ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தித் தட்டினார். பிறகு மச்சானைக் கூப்பிட்டு, கதவில் ஒட்டியிருந்த காகிதம், வெட்டிய பூட்டு, கூண்டு நிற்கும் நிலை, உள்ளே இருக்கும் அறுபது பெட்டி, நான்கையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

"எதுக்கு மாமா?"

"கவர்மென்ட் லிஃப்ட் ஆய்வாளர் ஆபீஸுக்கு."

"அனுப்பறேன்" என்றான்.

மகள் புகாரைத் தட்டினாள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "அப்பா, நீ பாத்துக்கலாம்னு எழுதினதை நாமளே சொல்லணுமா? அந்தக் காகிதப் படத்தை மட்டும் எடுத்துடலாம். பூட்டு, கூண்டு, பெட்டி போதும்."

"எழுது. கேட்டது ஓட்டலாமான்னு. கூடாதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கணும், எழுதலை. அதையும் எழுது. அது என் தப்பு."

"ஏங்க" என்றாள் மனைவி, தலையைத் தூக்கி. "உங்க தலையும் சேர்ந்து உருளுமே."

"உருளட்டும். இத்தனை வருஷமா கழுத்து மேல இருந்து என்ன பண்ணுச்சு? ஆட்டிக்கிட்டுத்தானே இருந்துச்சு."

படங்கள் வந்து சேர்ந்தன. மகள் அவர் முழுப் பேரையும் லைசென்ஸ் எண்ணையும் கீழே போட்டாள். அவர் ஒரு தடவை படித்தார். அனுப்பினார்.

"முடிஞ்சுதாங்களா?" என்றார் கேப்டன். முதலில் இருந்த விறைப்பு குரலில் இல்லை.

அதற்குள் போன் அடித்தது. மேனேஜர். மகள், எடுக்காதே என்று தலையசைத்தாள். அவர் எடுத்தார்.

"என்னங்க குரூப்ல அப்படி எழுதிட்டீங்க? மேலே வரைக்கும் பாக்கறாங்க. அதை அழிச்சுடுங்க. நீங்க வந்ததும் உக்காந்து பேசிக்கலாம்."

"பேச ஒண்ணுமில்லை சார். ஆய்வாளருக்கு எழுதிட்டேன்."

மேனேஜரின் மூச்சு கேட்டது. இன்னும் மோட்டார் ரூமில்தான் இருக்கிறார்போல, பின்னால் சங்கிலி லேசாக முனகியது.

"அண்ணே" என்றார். 'என்னங்க' எங்கேயோ போய் அண்ணன் வந்துவிட்டது. "அண்ணே, அவசரப்படாதீங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி."

"குடும்பத்து ஆள்தான் சார் கூண்டுக்குள்ள இருந்தான்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனை வைத்தார்.

கேப்டன் கூரைத் தட்டை அணைத்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்து, கம்ப்ரஸரைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.